மாற்று வேட்பாளர்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன் தாயி, நான் தப்பாகத்தான் சொல்வேன். முன்னால் வரவேண்டியது பின்னால் வரும். ஒருத்தர் சொன்னதை இன்னொருத்தர் தலையில் கட்டிவிடுவேன். மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். வீட்டுக்குள் எங்களுக்குத் தெலுங்கு, வெளியில் தமிழ், ஆபீசுக்குப் போனால் அங்கே ஒரு தமிழ். மூன்றும் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு வாய்க்குள் நிற்கும். நான் தப்பாகச் சொல்லி, நீங்கள் அதை அப்படியே புத்தகத்தில் போட்டு, அது யார் கையிலாவது கிடைத்தால் நான் என்ன ஆவேன்?

கொஞ்சம் மெதுவாகப் பேசுங்கள். அந்தப் பலகையில் உட்காருங்கள். சுவரில் சாய வேண்டாம், மண் உதிரும். இருட்டாக இருக்கிறதே என்று பார்க்காதீர்கள், கூரை ஓட்டுச் சந்து வழியாக வருகிற வெளிச்சம் எனக்குப் போதும். பழகிவிட்டது. ஆமாம், ஆட்டுப்பட்டி வழியாக எப்படி வந்தீர்கள்? அடுப்புப் புகையைப் பார்த்தா? பாருங்கள், அது எனக்குத் தோன்றவில்லை. இனிமேல் பகலில் அடுப்பு மூட்டக்கூடாது.

தண்ணீர் குடிக்கிறீர்களா? எங்கள் வீட்டில் குடிப்பீர்களா? சொம்பு கழுவினதுதான்.

குடித்துவிட்டீர்கள். நல்லது.

பெண் கவுன்சிலர்களைப் பற்றி எழுத மதுரையிலிருந்து வந்திருக்கிறேன் என்கிறீர்கள். என்னைப் பற்றி எழுத என்ன இருக்கிறது? நான் தேர்தலில் நிற்கவே இல்லை. நிற்க வைத்தார்கள். அதுவும் நிற்க வைக்க வேண்டும் என்று நினைத்து நிற்க வைக்கவில்லை. அதைத்தான் எப்படிச் சொல்வது என்று யோசிக்கிறேன்.

சவுந்தரராசு அய்யா வீட்டில் எனக்கு வேலை. கல்யாணமாகி இந்தத் தெருவுக்கு வந்த புதிதில் சேர்ந்தேன். மாட்டுத் தொழுவம், வாசல், கொல்லைப்புறக் கக்கூஸ் இவ்வளவும் என் பொறுப்பு. சமையல்கட்டுக்கு வேறு ஆள். நான் பின்வாசலோடு சரி. எனக்கென்று ஒரு அலுமினிய டம்ளர் தொழுவத்துச் சுவரில் கவிழ்த்து வைத்திருக்கும். அதை யாரும் எடுக்க மாட்டார்கள், அவ்வளவு பத்திரம். அந்த வீட்டில் மணிக்கு ஒரு தடவை பாட்டுப் பாடுகிற கடிகாரம் ஒன்று இருந்தது. அத்தனை வருசமாக அந்தப் பாட்டைக் கேட்டுத்தான் வேலை பார்த்தேன். கடிகாரத்தைப் பார்த்ததில்லை.

நல்லவர்கள்தான். என் வீட்டுக்காரர் செத்தபோது அய்யாவின் சம்சாரம் சுகுணா அம்மா தெருமுனை வரைக்கும் காரில் வந்தார்கள். இறங்கவில்லை, ஆனால் வந்தார்கள்.

அய்யா இங்கே கவுன்சிலராக இருந்தவர். இந்தத் தடவை வார்டைப் பெண்களுக்கு என்று ஒதுக்கிவிட்டார்கள். அதனால் என்ன, சுகுணா அம்மா நிற்பார்கள் என்று முடிவாகிவிட்டது. அப்போதுதான் இந்த மாற்று வேட்பாளர் பேச்சு வந்தது. உங்களுக்குத் தெரிந்திருக்கும். மெய்யான வேட்பாளருடைய மனுவில் ஏதாவது கோளாறு வந்து தள்ளிவிட்டால், கட்சிச் சின்னம் அனாதையாகப் போய்விடக் கூடாது என்று கூடவே இன்னொருத்தர் பேரில் ஒரு மனுப் போடுவார்கள். முதல் மனு நின்றுவிட்டால் இந்த மனுவுக்கு வேலை இல்லை. அப்படி ஒரு பேர் வேண்டும்.

அய்யாவின் தம்பி சம்சாரம் பேரில் போடலாம் என்று யாரோ சொன்னார்கள். நான் அப்போது தொழுவத்தில் சாணி அள்ளிக்கொண்டிருந்தேன். சன்னல் திறந்திருந்தது.

"அவளா? அவ பேருல போட்டா, என் மனுவத் தள்ளச் சொல்லி அவளே சாமிக்கு நேந்துக்குவா" என்றார்கள் சுகுணா அம்மா.

"அப்ப ஆசையே படாத ஆளாப் பாரு" என்றார் அய்யா. பிறகு சன்னல் பக்கம் திரும்பினார். "ஏ மாரக்கா! நீ கவுன்சிலராகுறியா?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சாணிக் கூடையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தேன். என் பேர் மாரக்காள். அந்த வீட்டுச் சின்னப் பிள்ளைகள் முதல் கணக்குப்பிள்ளை வரைக்கும் என்னை மாரக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பேரிலேயே அக்கா இருப்பதால் மரியாதைக்குக் குறைவில்லை என்று நான் நினைத்துக்கொள்வேன்.

மனுவுக்கு முன்மொழிய ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளுக்கு அதே வார்டில் ஓட்டு இருக்க வேண்டும். சுகுணா அம்மாவுக்கு முன்மொழிய மில்லுக்காரர் கிருஷ்ணசாமி வந்தார். பட்டு வேட்டி கட்டி, தேங்காய் உடைத்து, போட்டோ எடுத்து, பெரிய வைபவம். எனக்கு யார்? "உன் தெருவுல எவனாச்சும் கூட்டிட்டு வா" என்றார்கள். பஸ் ஸ்டாண்டில் செருப்புத் தைக்கிற ஓபுளன் அண்ணனைக் கூட்டிக்கொண்டு போனேன். கையில் பசை ஒட்டியிருந்தது. அந்தக் கையோடு வந்து கையெழுத்துப் போட்டுவிட்டு, "வாரு தைக்கக் குடுத்தவங்க நிக்கிறாங்க" என்று திரும்பிப் போய்விட்டார்.

மனுவைப் பரிசீலனை செய்கிற அன்று நான் தொழுவத்தில்தான் இருந்தேன். கார் வந்து நின்ற சத்தமே வேறு மாதிரி இருந்தது. சுகுணா அம்மா மனுவைத் தள்ளிவிட்டார்கள் தாயி! வார்டைப் புதிதாக வெட்டி ஒட்டியபோது மில் தெரு பக்கத்து வார்டுக்குப் போயிருக்கிறது. கிருஷ்ணசாமிக்கு இங்கே ஓட்டே இல்லை. பெரிய வீட்டில் அதையெல்லாம் யார் பார்க்கிறார்கள்? ஓபுளன் அண்ணனுக்கு இங்கேதான் ஓட்டு. எங்கள் தெருவை யாரும் எங்கேயும் நகர்த்தவில்லை.

நான் பயந்து போனேன். ஏதோ நான்தான் செய்துவிட்டது மாதிரி. சுகுணா அம்மா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, தூக்கக் கொடுத்த பிள்ளையைக் கீழே போட்டுவிட்டவளைப் பார்ப்பார்களே, அது மாதிரி.

"மொகத்தக் கழுவிட்டு உள்ள வா" என்றார்கள்.

அன்றைக்குத்தான் கடிகாரத்தைப் பார்த்தேன். நான் நினைத்ததைவிடச் சின்னது.

அப்புறம் ஓட்டுக் கேட்கப் போனோம். ஜீப்பில் அவர்கள் முன்னால், நான் பின்னால். பெரிய தெருக்களில் சுகுணா அம்மா இறங்கி வீடு வீடாக ஏறுவார்கள். நான் கேட்டுக்கு வெளியே கும்பிட்டபடி நிற்பேன். "எனக்குப் போடுறதா நெனச்சுப் போடுங்க" என்பார்கள். யார் நிற்கிறார்கள் என்று பார்க்க ஒன்றிரண்டு பேர் எட்டிப் பார்ப்பார்கள்.

பிள்ளையார் கோயில் தெருவில் ஒரு அம்மா சத்தமாகவே கேட்டார்கள். "ஏன் சுகுணா, வீடு கழுவுறவளக் கொண்டாந்து நிறுத்திட்டியே, தெருவயாச்சும் கழுவுவாளா?"

"நான் சொன்னா கழுவுவா" என்றார்கள் சுகுணா அம்மா.

எதிர்க்கட்சிக்காரன் ஒருவன் டீக்கடையிலிருந்து கத்தினான். "கவுன்சிலரம்மா! எங்க வீட்டுச் சாக்கட அடச்சிருக்கு. செயிச்சப்புறம் மறந்துருவீக, இப்பவே எறங்கிப் பாத்துருங்க!"

எல்லாரும் சிரித்தார்கள். நான் கும்பிட்ட கையை இறக்கவில்லை. இறக்கலாமா என்று யாரைக் கேட்பது?

எங்கள் தெருவில் மட்டும் வேறு மாதிரி. எதிர்வீட்டுத் திம்மக்காள் தலைமையில் பொம்பளைகள் ஆடினார்கள். உறுமி அடித்தார்கள். சுகுணா அம்மா ஜீப்பிலேயே உட்கார்ந்திருந்தார்கள். எனக்கோ இந்த ஆட்டத்தை அவர்கள் எப்படி எடுத்துக்கொள்வார்களோ என்று பயம். "போதும்டி, போதும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். திம்மக்காள் என் கன்னத்தைப் பிடித்து, "ஏக்கா, ஒரு நாளாச்சும் சிரிச்சுத் தொலையேன்" என்றாள்.

ஜெயித்துவிட்டேன். கட்சிச் சின்னத்துக்குப் போட்டார்கள், என் மூஞ்சிக்கு யார் போடுவார்கள்? சுகுணா அம்மா கழுத்தில் மாலை போட்டார்கள். அதுதானே சரி? எனக்கும் ஒன்று போட்டார்கள்.

பதவி ஏற்கிற நாளுக்கு ஓபுளன் அண்ணன் ஒரு ஜோடி செருப்புத் தைத்துக் கொடுத்தார். கறுப்புத் தோல், பின்னால் வார் வைத்தது. "கவுன்சிலரு வெறுங்காலோட போகக் கூடாது புள்ள" என்றார். பேரூராட்சி ஆபீசுக்குப் பெரிய தெரு வழியாகத்தான் போக வேண்டும். அந்தத் தெருவில் எங்கள் ஆட்கள் செருப்புப் போடக் கூடாது என்று இப்போதெல்லாம் யாரும் சொல்வதில்லை. யாரும் சொல்லவில்லைதான். ஆனாலும் எதற்கு வம்பு என்று மஞ்சள் பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு போவேன். ஆபீஸ் படியில் மாட்டிக்கொள்வேன். திரும்பும்போது மறுபடியும் பை.

ஒரு நாள் ஆபீஸ் படியில் ஓபுளன் அண்ணன் என் காலைப் பார்த்துக் கேட்டார். "ஏம்புள்ள, நான் தச்ச செருப்புக அம்புட்டும் தேயுது. இது மட்டும் ஏன் தேயவே இல்ல? பறந்து போறியா?"

நான் காலிப் பையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டேன்.

கூட்டத்தில் எங்களுக்குப் பெரிய வேலை இல்லை. பெண்கள் முன்னால் நாற்காலியில், வீட்டுக்காரர்கள் பின்னால் பெஞ்சில். எனக்கு வீட்டுக்காரர் இல்லாததால் அய்யா வந்து உட்கார்ந்துகொள்வார். அவர் இருமினால் நான் கை தூக்க வேண்டும். ஒரு தடவை அவருக்கு உண்மையாகவே இருமல். நான் தூக்கித் தூக்கி இறக்க, தலைவர், "என்ன மாரக்கா, ஒனக்கு எத்தன ஓட்டு?" என்று கேட்டார். அன்றைக்கு நானும் கொஞ்சம் சிரித்தேன். காலையில் தொழுவம், கூட்டத்து நாளில் மட்டும் ஆபீஸ். யாருக்கும் கெடுதல் இல்லை. அப்படியே போயிருக்கும்.

இந்தத் தெருப் பொம்பளைகளுக்குக் கக்கூஸ் கட்டிப் பூட்டி வைத்திருக்கிறார்கள், வருகிற வழியில் பார்த்திருப்பீர்கள். நீலக் கதவு. தண்ணீர் கிடையாது, அதனால் பூட்டு. நாங்கள் பின்னால் இருக்கிற சீமைக்கருவேலங் காட்டுக்குத்தான் போவோம். அந்தக் காட்டை அய்யா வாங்கிவிட்டார். வீட்டு மனை போட வேண்டும் என்று கல் நட்டு முள்கம்பி இழுத்துவிட்டார். அவர் நிலம், அவர் இழுக்கிறார். ஆனால் நாங்கள் எங்கே போவது? திம்மக்காள் மருமகள் நிறைமாசக்காரி. விடியற்காலை இருட்டில் கம்பி தெரியாமல் போய், தொடை கிழிந்து, அங்கேயே விழுந்து கிடந்தாள். பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. அவளைத் தூக்கி வந்த சேலையை நான்தான் அலசினேன்.

அந்த மனைக்கு அனுமதி கொடுக்கிற தீர்மானம் அந்த வாரமே கூட்டத்துக்கு வந்தது. வாசித்தார்கள். அய்யா இருமினார். எல்லாரும் கை தூக்கினார்கள்.

நான் எழுந்து நின்றுவிட்டேன் தாயி. எப்படி என்று கேட்காதீர்கள். எனக்கே தெரியாது. கை தூக்கத்தான் நினைத்தேன். கைக்குப் பதிலாக நான் முழுசாக எழுந்துவிட்டேன்.

"எங்க தெருக் கக்கூசுக்கு மொதல்ல தண்ணி விடுங்க. அதுக்கப்புறம் வேலி போடுங்க."

அவ்வளவுதான் சொன்னேன். அதையும் சரியாகச் சொன்னேனா தெரியவில்லை, நடுவில் தெலுங்கு கலந்துவிட்டதாகச் சிலர் சொல்கிறார்கள். அய்யா மறுபடியும் இருமினார். பெரிய இருமல். நான் உட்காரவில்லை. மற்றப் பெண்களில் ஒருத்தி தூக்கின கையை மெல்ல இறக்கினாள். அதைப் பார்த்து இன்னொருத்தி. தலைவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இத அடுத்த கூட்டத்துல வச்சுக்கலாம்" என்று அடுத்ததை வாசிக்கச் சொன்னார்.

வெளியே வந்தபோது எனக்குக் கண் தெரியவில்லை. காது அடைத்துவிட்டது. பெரிய தெருவில் பாதி தூரம் வந்தபிறகு செருப்பு வார் அறுந்தது. அப்போதுதான் காலைப் பார்க்கிறேன், செருப்பைக் கழற்றாமலே நடந்து வந்திருக்கிறேன்! தேர் நிற்கிற இடம், பிள்ளையார் கோயில், எல்லாவற்றையும் தாண்டி. யார் யார் பார்த்தார்களோ! கையில் எடுத்துக்கொண்டு ஓடிவந்து ஓபுளன் அண்ணனிடம் கொடுத்தேன். அவர் திருப்பிப் பார்த்தார். அடியில் தார் ஒட்டியிருந்தது.

"இப்பத்தான் புள்ள இது செருப்பு" என்றார். கிண்டல் செய்கிறார் என்று எனக்கு அழுகை வந்துவிட்டது.

மறுநாள் வேலைக்குப் போனேன். பின்வாசல் பூட்டியிருந்தது. தட்டினேன். சுகுணா அம்மா மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். கோபமே இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"கவுன்சிலர் பின்வாசல்ல வந்து நிக்கலாமா மாரக்கா? முன்வாசலுக்கு வா."

சுற்றிக்கொண்டு முன்வாசலுக்குப் போனேன். அங்கேயும் கேட் பூட்டியிருந்தது. யாரும் திறக்கவில்லை. உள்ளே கடிகாரம் பாடி முடிக்கிற வரைக்கும் நின்று பார்த்துவிட்டுத் திரும்பினேன்.

என் மகன் அவர்கள் டிராக்டரைத்தான் ஓட்டிக்கொண்டிருந்தான். சாவியை வாங்கிக்கொண்டார்கள். "ஒனக்கு எதுக்கும்மா இந்த வாயி?" என்று கேட்டுவிட்டு, பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு திருப்பூருக்குப் போய்விட்டான். போன் போட்டால் எடுப்பதில்லை. வேலை நேரமாக இருக்கும்.

அப்புறம் இரண்டு பேர் வண்டியில் வந்தார்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள். "இந்த வீட்டுக்குப் பட்டா இல்லையாமேக்கா. பொறம்போக்குன்னு சொல்றாங்க. பாத்து நடந்துக்கங்க. அடுத்த கூட்டத்துக்கு வந்து கைய மட்டும் தூக்கிட்டுப் போயிருங்க." என் வீட்டுக்காரர் குழைத்து வைத்த சுவர் தாயி இது. இது போனால் எனக்குப் போக இடம் இல்லை. இன்றைக்கும் தெருமுனை டீக்கடையில் அந்த வண்டி நிற்கும். நின்றதா? நீங்கள் பார்க்கவில்லையா? நிற்கும்.

கை தூக்கினால் இந்தத் தெரு என்னைக் காறித் துப்பும். தூக்காவிட்டால் வீடு போகும். நாளைக்குத்தான் அந்தக் கூட்டம்.

யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். தொடர்ந்து மூன்று கூட்டத்துக்குப் போகாவிட்டால் பதவி தானாகப் போய்விடுமாம், ஆபீசில் பேசிக்கொண்டார்கள். அப்படிப் போகட்டும். யாரிடமும் முடியாது என்று சொல்ல வேண்டியதில்லை, சரி என்றும் சொல்ல வேண்டியதில்லை. அப்புறம் சுகுணா அம்மா நின்று அவர்களே கவுன்சிலராகிக்கொள்ளட்டும். மனசு ஆறிப்போனால் பின்வாசலைத் திறந்துவிடுவார்கள். என் டம்ளர் அங்கேதான் இருக்கிறது. தூக்கி எறிந்திருக்க மாட்டார்கள்.

அதனால் சந்தையில் பெரிய பூட்டாக ஒன்று வாங்கினேன். முன்வாசலை வெளியே பூட்டிவிட்டு, மகன் வீட்டுக்குத் திருப்பூர் போகிறேன் என்று நாலு பேர் காதில் விழுகிற மாதிரி சொல்லிவிட்டு, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போனேன். அப்படியே காட்டைச் சுற்றி, ஆட்டுப்பட்டி வழியாக, குளியல் தட்டியில் இருக்கிற ஓட்டை வழியாக உள்ளே வந்துவிட்டேன். அன்றிலிருந்து இங்கேதான். வீட்டில் ஆள் இல்லை. பூட்டு தொங்குகிறது.

வண்டிக்காரர்கள் ஒரு தடவை பூட்டைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். திம்மக்காள்தான் விட மாட்டேன் என்கிறாள். தினமும் காலையில் குடத்தோடு வந்து கதவுக்கு முன்னால் நிற்கிறாள். அவளோடு இன்னும் பல பேர். குடங்கள் இடிக்கிற சத்தம் கேட்கும். "ராக்கா, ராக்கா" என்று எங்கள் பாசையில் கூப்பிடுகிறாள். வா அக்கா, வா அக்கா என்று. "நாங்க எல்லாரும் ஒங்கூட ஆபீசுக்கு வர்றோம்க்கா, நீ முன்னால நடந்தாப் போதும்" என்கிறாள். எவ்வளவு மெதுவாகக் கூப்பிடுகிறாள் தெரியுமா? சத்தம் போட்டுத் திட்ட வந்தவர்களை எனக்குத் தெரியும், அது பழக்கம். இப்படி மெதுவாகக் கூப்பிட்டால் என்ன மனசில் வைத்திருக்கிறார்கள் என்று யாருக்குத் தெரியும்? நேற்று அவள் மருமகளையும் கூட்டி வந்திருந்தாள். பிள்ளை அழுத சத்தம் கேட்டது. பெண் பிள்ளையாம். "ஒம் பேரத்தான் வச்சிருக்கோம்க்கா" என்றாள். என்னை வெளியே வர வைக்க என்னென்ன சொல்கிறார்கள் பாருங்கள்.

நான் வாயில் சேலையைத் திணித்துக்கொண்டு இந்த மூலையில் உட்கார்ந்திருந்தேன்.

ஓபுளன் அண்ணனும் வந்தார். நடக்கிற சத்தத்தை வைத்து அவர் என்று தெரிந்தது, ஒரு காலை இழுத்து நடப்பார். கதவுச் சந்து வழியாகப் பார்த்தேன். என் செருப்பைக் கொண்டுவந்து வாசற்படியில், வெளியே போகிறவர்கள் மாட்டிக்கொள்வதற்குத் தோதாகத் தெருவைப் பார்த்து வைத்துவிட்டு, கையால் ஒரு தடவை துடைத்துவிட்டுப் போனார். வார் தைத்து, அடியில் புதுசாக ஒரு தோலும் போட்டிருக்கிறார். கணக்குத் தீர்த்துவிட்டார். இனி உனக்கும் எனக்கும் ஒன்றுமில்லை என்றுதானே அர்த்தம்? நீங்கள் ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? நான் எங்கேயாவது தப்பாகச் சொல்லிவிட்டேனா?

நேரமாகிறது, கிளம்புங்கள். வந்த வழியாகவே ஆட்டுப்பட்டிப் பக்கமாகப் போங்கள். அப்புறம் ஒரு உதவி. சுற்றிக்கொண்டு தெருவுக்கு வந்து, என்னைத் தேடி வந்தவர்கள் மாதிரி வாசலில் நின்று, பூட்டை ஒரு தடவை இழுத்துப் பாருங்கள். நன்றாக விழுந்திருக்கிறதா என்று எனக்கு உள்ளேயிருந்து தெரியவில்லை. யாராவது கேட்டால் வீட்டில் ஆள் இல்லை என்று சொல்லுங்கள்.

செருப்பை மட்டும் தொட்டுவிடாதீர்கள் தாயி. தூசி படிந்து கிடக்கட்டும். அதை எடுத்தால் உள்ளே ஆள் இருப்பது தெரிந்துவிடும்.